மூன்று குறைகிறது

7

"எந்தத் திருடனாவது கன்னம் வச்ச சுவத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போவானா, மேடம்?" என்று கேட்டாள் விதேத்.

"போட்டிருக்காளே," என்றாள் பேராசிரியை துர்சாஃப் பென் ஃபத்லா. மடித்து மடித்து நைந்துபோன தாள் ஒன்றை முன் இருக்கைக்கு மேலாக நீட்டினாள். "நீயே பாரு. நாவ்ரெஸ்."

துனிஸிலிருந்து சூஸுக்குப் போகும் பகிர்வு வண்டி அது. எட்டுப் பேர் ஏறினால்தான் ஓட்டுநர் சாவியைத் திருப்புவார். ஏழு பேர் ஏறி வியர்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவது ஆள் வெளியே நின்று பேரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

துர்சாஃபுக்குப் பக்கத்தில் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவன் துப்பறிவாளன் லம்ஜெத். காணாமல் போன மாப்பிள்ளைகளையும் களவு போன கார்களையும் கண்டுபிடித்துக் கொடுத்துப் பிழைப்பவன். விதேத் அவனுடைய உதவியாளர். சம்பளம் வந்த மாதங்களில் அவனை மட்டும் கிண்டல் செய்வாள், வராத மாதங்களில் அவன் வாடிக்கையாளர்களையும் சேர்த்துக்கொள்வாள்.

விதேத் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். அது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பக்கம். அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் யார் யாருடைய கட்டுரைகளைப் படித்து அதன்மேல் நின்று எழுதினார்கள் என்ற பட்டியல். அதில் துர்சாஃபின் பழைய கட்டுரை ஒன்றும் இருந்தது. அந்த வரி முடிகிற இடத்தில், யாருக்கும் சம்பந்தமில்லாமல், லத்தீன் எழுத்தில் ஒரு சொல்:

நா2ஸ் 3.

"நாவ்ரெஸ்ங்கற பேருல நடுவுல ரெண்டு எழுத்து சிதைஞ்சு போய் 2ன்னு விழுந்திருக்கு," என்றாள் துர்சாஃப். "அந்த 3 எதுக்குன்னு கேளு. இந்தக் கட்டுரையில அவ பேரை மூணாவதா போட்டேன். 'நான்தான் எல்லா வேலையும் செஞ்சேன், மூணாவதா போட்டீங்களே'ன்னு சண்டை போட்டுட்டுத்தான் என் ஆய்வகத்தை விட்டுப் போனா. இப்ப குத்திக் காட்டறா."

லம்ஜெத் கையை நீட்டினான். தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்தான்.

துர்சாஃப் சாய்ந்து உட்கார்ந்தாள். முப்பது வருடம். மூளை ஒரு தனிக்கோட்டை, நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அங்கே நுழைவு கிடையாது என்று பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவள் வேலையைத் தொடங்கினாள். உள்ளே நுழையாவிட்டால் என்ன, கோட்டை மதில்மேல் குடியிருக்கலாமே என்பது அவள் கேள்வி. மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குள் அந்த அணுக்கள் உட்கார்ந்திருப்பதையும், அங்கிருந்தபடியே கீழே உள்ள நரம்புகளுக்குச் சேதி அனுப்புவதையும், அந்தச் சேதி நின்றுபோனால் எலி தான் பழகிய வழியை மறப்பதையும் அவள் காட்டினாள். உலகம் முதலில் சிரித்தது, பிறகு படித்தது, பிறகு மேற்கோள் காட்ட ஆரம்பித்தது.

மேற்கோள்தான் ஆராய்ச்சிக்காரரின் மானம். இவருடைய வேலையை இத்தனை பேர் நம்பித் தங்கள் வேலையைக் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கே மானம் இருக்கிறதோ அங்கே அதை விற்கிற கடையும் முளைக்கும். காசு கொடுத்தால், யாருமே படிக்காத ஏதோ ஒரு போலி இதழில் ஒரு போலிக் கட்டுரை வரும். அதன் கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கும்.

அப்படிப் பதினொரு போலிக் கட்டுரைகளைத் துர்சாஃப் விலைக்கு வாங்கினாள் என்று அறநெறிக் குழுவுக்குக் கையெழுத்தில்லாத ஒரு புகார் போயிருந்தது. பதினொன்றின் கடைசிப் பக்கத்திலும் அவள் கட்டுரைகள் இருந்தது உண்மை. லம்ஜெத் கையில் இருந்த தாள் அவற்றில் ஒன்று. நாளைக் காலை விசாரணை. வாங்கியது தான் அல்ல, இன்னார்தான் என்று அவள் காட்டாவிட்டால், முப்பது வருடக் கட்டுரைகள் ஒவ்வொன்றின் தலையிலும் 'நம்பகத்தன்மை கேள்விக்குரியது' என்ற முத்திரை விழும். ஆய்வகத்துக்குப் பூட்டு விழும். அவள் பெயரைச் சொல்லி வேலை தேட வேண்டிய மாணவர்கள் பெயரை மறைத்துத் தேடுவார்கள்.

கைபேசி அடித்தது. நக்லா.

"கிளம்பிட்டியா ஹபீப்தி, என் கண்ணே?" நக்லாவின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "பையில ஃபூல் சாண்ட்விச், மொச்சை மசிச்சு வச்சது, போட்டிருக்கேன். வெறும் வயித்தோட அவ மூஞ்சியில முழிக்காதே. அந்த நாவ்ரெஸை விட்டுடாதே, கேட்டியா? பக்கத்தைப் பாத்ததுமே நான் சொல்லலை, இது அவ பேருதான்னு?"

"சொன்னே, சொன்னே."

நக்லா கெய்ரோக்காரி. ஒரு வருடம் பயிற்சிக்கென்று துனிஸ் வந்தவள், முப்பது வருடமாகத் திரும்பிப் போகவில்லை. உறையில் உட்கார்ந்திருந்த அணுக்களை முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்த கண்கள் அவளுடையவை. துர்சாஃபின் மகள் கல்யாணத்தில் மருதாணி இரவுக்குப் பாட்டுக் கட்டியதும் அவள்தான்.

எட்டாவது ஆள் பேரிக்காயோடு ஏறினார். வண்டி கிளம்பியது.

*

சூஸ் மருத்துவக் கல்லூரியின் இரண்டாவது மாடியில் நாவ்ரெஸ் கதவைத் திறந்தாள். பழைய ஆசிரியையைப் பார்த்தாள், பின்னால் நின்ற இருவரையும் பார்த்தாள்.

"ஆறு வருஷம் கழிச்சு வர்றீங்க மேடம். வரும்போதே போலீஸோடயா?"

"போலீஸ் இல்லீங்க," என்றாள் விதேத். "போலீஸுக்கு மாசாமாசம் சம்பளம் உண்டு."

துர்சாஃப் உட்காரவில்லை. தாளை மேசையில் போட்டாள். "இது உன் வேலைதானே?"

நாவ்ரெஸ் படித்தாள். முகம் முதலில் சிவந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்புதான் துர்சாஃபைக் குத்தியது.

"நான் காசு குடுத்து உங்க கட்டுரையை மேற்கோள் காட்ட வைக்கணுமா? நல்லா யோசிங்க மேடம். உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா நம்மள மாதிரி ஆராய்ச்சி ஆளுங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வாங்க? மேற்கோள் காட்டறதை நிறுத்திடுவாங்க. ஆறு வருஷமா நான் அதைத்தான் செய்யறேன். பட்டினி போட்டுக் கொல்லலாம்னு பாக்கறவ பிரியாணி வாங்கி அனுப்புவாளா?"

"இந்தம்மா நம்ம ஆபீஸ்ல வேலைக்குச் சேருவாங்களா?" என்று விதேத் லம்ஜெத்தின் காதில் கேட்டாள்.

"மாட்டி விடறதுக்காகச் செஞ்சிருக்கலாமே," என்றாள் துர்சாஃப்.

"மாட்டி விடறவ கீழ தன் பேரை எழுதுவாளா?"

லம்ஜெத் தொண்டையைக் கனைத்தான். "நீங்க ரெண்டு பேரும் சண்டையைத் தொடருங்க. எனக்கு ஒரு காபி கிடைச்சா நல்லா இருக்கும். வண்டியில வந்தது தலையைச் சுத்துது."

விருந்தாளி கேட்டபின் மறுக்க நாவ்ரெஸால் முடியவில்லை. "கீழ கடைக்கு எழுதிப் போட்டா மேல கொண்டு வருவான். எப்படி வேணும்?"

"சர்க்கரை குறைச்சலா. நாலு பேருக்கும்."

அவள் கைபேசியில் தட்டினாள். லம்ஜெத் எழுந்து, கூச்சமே இல்லாமல், அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"என்ன இது?"

"காபிதான் சொல்றேன்! நம்ப மாட்டீங்களா?"

"நம்பறேன். ரொம்ப நம்பறேன். அப்படியே அதை இவங்ககிட்டக் காட்டுங்க."

திரையில் லத்தீன் எழுத்தில் இருந்தது: *4 காபி, நா9ஸ் சர்க்கரை.*

துர்சாஃபுக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. பிறகு திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது பேரே இல்ல மேடம்," என்றான் லம்ஜெத். அவன் குரலில் ஒரு சிறுவனின் குதூகலம் வந்துவிட்டது. "கைபேசி வந்த புதுசுல அதுல அரபி எழுத்து கிடையாது. நாம என்ன செஞ்சோம்? நம்ம பேச்சை லத்தீன் எழுத்துலயே தட்டினோம். அந்த எழுத்துல இல்லாத ஒலி வந்தா, நம்ம எழுத்து மாதிரியே இருக்கிற ஒரு எண்ணை எடுத்து நடுவுல செருகினோம். தொண்டையடியில இருந்து வர்ற காஃப்ங்கற எழுத்து பாக்கறதுக்கு 9 மாதிரி இருக்கும், அதனால 9. இன்னிக்கு அரபி விசைப்பலகை வந்தாச்சு, ஆனாலும் பழக்கம் விடலை. நா9ஸ்னா நாகெஸ். சர்க்கரை குறைச்சல். தாள்ல இருக்கறதும் அதே சொல்தான். குறைச்சல். மூணு குறைச்சல்."

"அப்ப 9 இருக்க வேண்டிய இடத்துல 2 ஏன் இருக்கு?" என்றாள் விதேத். "அச்சுக்காரன் ஏழைக் கழிச்சுட்டுக் குடுத்தானா?"

"அதுக்கு வர்றேன். முதல்ல, எதுல மூணு குறைச்சல்?"

துர்சாஃப் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

காபி வந்தது. சர்க்கரை குறைவாகக் கேட்டால் கடைக்காரன் காபியில் ஒன்றும் போடாமல், தட்டில் சர்க்கரைக் கட்டிகளைக் குவித்து அனுப்பிவிடுவான். துர்சாஃப் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"விதேத், இங்க பாரு. ஒவ்வொரு அடுக்கும் ஒரு கட்டுரை. ஒவ்வொரு கட்டியும் ஒரு மேற்கோள், கூட எழுதின எல்லாருக்கும் கணக்குல சேரும்." அவள் மூன்று அடுக்குகள் கட்டினாள். ஒன்றில் ஆறு கட்டி, மற்றவற்றில் மும்மூன்று. "இந்த ஆளோட மதிப்பு என்ன? ஆறுன்னு சொல்ல முடியாது, ஒரு கட்டுரை தற்செயலா பேர் வாங்கியிருக்கலாம். அதனால ஒரு கணக்கு வச்சிருக்கோம், ஹெச்-எண்ணு பேரு. மூணு கட்டுரை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது மூணு மேற்கோள் இருக்கு. இவரோட ஹெச்-எண் மூணு. இதை நாலாக்கணும். எங்க கட்டியை வைப்பே?"

விதேத் உயரமான அடுக்கின்மேல் ஒன்றை வைத்தாள்.

"வீண். அது ஏற்கெனவே நாலைத் தாண்டிடுச்சு. நாலு அடுக்கு வேணும், ஒவ்வொண்ணுலயும் நாலு கட்டி வேணும். அப்ப, நாலுக்குக் கொஞ்சம் கீழ நிக்கறதைத் தேடிப் பிடிச்சு, குறையறதை மட்டும் போடணும்."

"விருந்து சாப்பிட்டவனுக்கு ஏப்பம்தான் வரும். பசிச்சவனைப் பாத்துச் சோறு போடணும்."

"அதேதான். அதனால காசு குடுத்து வாங்கறவங்க ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்துல எழுதி வச்சுக்குவாங்க, இதுக்கு இன்னும் எத்தனை..."

அவள் நிறுத்தினாள்.

"குறைச்சல்னு," என்று முடித்தான் லம்ஜெத். "வாங்கினவங்க கடைக்காரனுக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருக்காங்க. தங்களுக்காகக் குறிச்சு வச்ச குறிப்பை அதுல ஒரு இடத்துல அழிக்க மறந்துட்டாங்க. கடைக்காரன் படிக்காம அப்படியே வெட்டி ஒட்டிட்டான். மேடம், உங்க ஹெச்-எண் என்ன?"

"நாப்பத்தொண்ணு."

"இந்தக் கட்டுரைக்கு நிஜமான மேற்கோள் எத்தனை இருந்தது?"

துர்சாஃப் கைபேசியை எடுத்தாள். புகார் வந்த நாளிலிருந்து யார் தன்னை வெறுக்கிறார்கள் என்று தேடினாளே ஒழிய, எந்தக் கட்டுரைகளுக்குப் போலி மேற்கோள் விழுந்தது என்று அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. இப்போது எண்ணினாள். இதற்குப் பதினேழு இருந்தது. போலி மூன்று. இப்போது இருபது. அடுத்ததற்குப் பதினைந்து இருந்தது, போலி ஐந்து. இருபது. அடுத்தது இருபது. அதற்கடுத்ததும்.

"எல்லாம் இருபதுல வந்து நிக்குது," என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. "நாப்பத்தொண்ணு இருக்கறவளுக்கு இதனால ஒரு பிரயோசனமும் இல்ல. என் பெரிய கட்டுரை எதையும் தொடவே இல்ல."

"நகைக்கடையில புகுந்தவன் வாசல்ல கிடந்த கால்மிதியைத் தூக்கிட்டுப் போயிருக்கான்," என்றாள் விதேத். "அவனுக்குத் தேவை கால்மிதின்னு அர்த்தம். யாருக்கு மேடம் இருபது தேவை?"

துர்சாஃப் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். போன குளிர்காலத்தில், கெய்ரோவில் புதிதாகத் திறக்கும் மூளை ஆய்வு மையத்துக்கு இயக்குநர் வேண்டும் என்ற விளம்பரத்தை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து உரக்கப் படித்துக் காட்டியவள் அவள்தான். ஹெச்-எண் இருபதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சிரித்து, "எனக்குப் பதினாறுதான் ஹபீப்தி" என்றாள். போட்டுப் பார், விண்ணப்பிக்கும் காலத்துக்குள் கொஞ்சம் ஏறும் என்று சொல்லி, துர்சாஃப்தான் இரண்டு பக்கத்துக்குச் சிபாரிசும் எழுதிக் கொடுத்தாள்.

நாவ்ரெஸ் தாளை மறுபடி கையில் எடுத்திருந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "நம்ம ஊர்ல யாரும் இங்க 2 போட மாட்டாங்க. இது கெய்ரோ வாய். அவங்க காஃபைச் சொல்றதில்ல, முழுங்கிடுவாங்க. தொண்டையில சின்னதா ஒரு அடைப்பு, அவ்வளவுதான். அந்த அடைப்புக்கு நம்ம எழுத்துல இருக்கிற குறி பாக்கறதுக்கு 2 மாதிரி இருக்கும். அவங்க 'நாஸ்'னு, நடுவுல விக்கின மாதிரி சொல்லுவாங்க. மேடம், உங்க ஆய்வகத்துல..."

"எனக்குத் தெரியும்," என்றாள் துர்சாஃப்.

வேலியே பயிரை மேய்ந்திருந்தது. அவள் எழுந்து தோள்பையை மாட்டினாள். பைக்குள் சாண்ட்விச் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. அதை எடுத்துச் சர்க்கரை அடுக்குகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

*

வேனில் மாதங்களில் அலுவலகங்களுக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். அவர்கள் துனிஸுக்குத் திரும்பியபோது ஆய்வகக் கட்டடம் காலியாக இருந்தது. குளிர்பெட்டிகள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன. நக்லாவின் அறையில் விளக்கு எரிந்தது.

"நான் கேக்கறேன்," என்று துர்சாஃப் மற்ற இருவரிடமும் சொன்னாள். "நீங்க வாசல்ல நில்லுங்க."

நக்லா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள். "வந்தாச்சா! ஒத்துக்கிட்டாளா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, சாப்பிடலையா?"

"கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். கடைசி வரி."

நக்லா தாளை வாங்கினாள். கண் அந்த இடத்துக்குப் போனது. வாய் யோசிக்கவில்லை.

"நா'ஸ் மூணு," என்றாள்.

நடுவில் அந்தச் சின்ன அடைப்பு, விக்கின மாதிரி.

குளிர்பெட்டி ஒன்று உறுமலை நிறுத்தியது. அறை திடீரென்று பெரிதானது போல இருந்தது.

"நாவ்ரெஸ்னு சொன்னியே," என்றாள் துர்சாஃப். "அன்னிக்கு பேரா இருந்தது இன்னிக்கு எப்படிச் சொல்லாச்சு?"

நக்லா தாளைக் கீழே வைத்தாள். மறுக்கப் போகிறாள் என்று துர்சாஃப் எதிர்பார்த்தாள். மறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நக்லா மறுக்கவில்லை.

"எத்தனை கட்டுரையில உன் பேருக்குப் பக்கத்துல என் பேரு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"நிறைய."

"உலகத்துல யாருக்காவது தெரியுமா? எவன் நம்மளைப் பத்தி எழுதினாலும், துர்சாஃப் பென் ஃபத்லா, அப்புறம் ஒரு காற்புள்ளி, அப்புறம் 'மற்றும் பிறர்'. அந்த அணுக்களை முதல்ல பாத்தது யாரு? நான். ராத்திரி ஓடி வந்து உன் கதவைத் தட்டினது யாரு? நான். முப்பது வருஷமா நான் மற்றும் பிறர், துர்சாஃப். உனக்கு நாப்பத்தொண்ணு. எனக்குப் பதினாறு. ஊருக்குப் போய் நாலு வருஷமாவது என் பேரு போட்ட ஒரு கதவுக்குப் பின்னால உக்காரணும்னு நினைச்சேன். இருபதுக்குக் குறைஞ்சது நாலே நாலு. அதை வாங்கினேன்."

நாவ்ரெஸ் ஆறு வருடத்துக்கு முன் கத்தியதும் இதைத்தான். துர்சாஃப் நாற்காலியில் உட்கார்ந்து நக்லாவின் கையைப் பிடித்தாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா குடுக்கக்கூடிய பொருளா அது?"

"சரி. முடிஞ்சது முடிஞ்சு போச்சு. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். வேலை நெருக்கடியில தப்பு நடந்துடுச்சு, அந்தக் கட்டுரைகளோட போலி மேற்கோளை எல்லாம் நீக்கிடறோம்னு நான் பேசறேன். என் ஆய்வகம், என் பொறுப்பு. பாதி பழியை நான் எடுத்துக்கறேன்."

நக்லா அழுதாள். துர்சாஃபின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள்.

வாசலில் லம்ஜெத் நகர்ந்தான். விதேத் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் சார், ஸீ லம்ஜெத். விட்டுடுங்க. இன்னிக்கு இது போதும்."

"பாதிப் பழியை எடுத்துக்கப் போறாங்க, விதேத். முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு எடுத்துக்கட்டும்."

அவன் உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து புகாரின் நகலை எடுத்து விரித்தான்.

"மன்னிக்கணும் மேடம். இதை நீங்க நூறு தடவை படிச்சிருப்பீங்க. குழு அலுவலகத்தோட வரவு முத்திரையைப் பாருங்க. மே மாசம். இப்ப புகார்ல இருக்கிற பதினொரு கட்டுரையில கடைசியைப் பாருங்க. அந்த இதழ் எப்ப வந்தது?"

துர்சாஃப் பார்த்தாள். "ஜூன்."

"மே மாசம் புகார் எழுதினவருக்கு, ஜூன்ல வரப்போற போலிக் கட்டுரையோட தலைப்பு தெரிஞ்சிருக்கு. இன்னும் அச்சாகாத திருட்டு சரக்கைப் பத்தி உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். வித்தவனுக்கு, வாங்கினவங்களுக்கு. வித்தவன் தன் கடைமேல தானே புகார் குடுக்க மாட்டான்."

தோளின்மேல் இருந்த அழுகை நின்றது. துர்சாஃப் அதைக் காதால் கேட்கவில்லை, சட்டைத் துணி வழியாக உணர்ந்தாள். நக்லாவின் மூச்சு ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு மெல்ல வெளியே வந்தது.

"நீயா எழுதினே?"

நக்லா தலையைத் தூக்கவில்லை. "அந்தக் கடைக்காரனுங்க மாட்டிக்கிட்டாங்க. செய்தி வர ஆரம்பிச்சது. யாராவது அந்தக் கட்டுரைகளைத் தோண்டினா ரெண்டு பேருதான் பொதுவா வரும், நீயும் நானும். எல்லாரும் ஒரு தடவை உன் பக்கம் திரும்பிட்டா, என் பேரை யாரும் பாக்க மாட்டாங்க. என் பேரை யாருமே பாத்ததில்லையே." பிறகு அவசரமாக, "உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன் ஹபீப்தி. உன் பேரு பெரிசு. தாங்கும்."

"காலையில சாண்ட்விச் கட்டும்போதும் அப்படித்தான் நினைச்சியா?"

நக்லா துர்சாஃபின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

துர்சாஃப் மெதுவாக, ஊசியில் கோத்த நூலை உருவுவது போல, தன் கையை நக்லாவின் கையிலிருந்து உருவிக்கொண்டாள். காசு கொடுத்து வாங்கியதை அவளால் மன்னிக்க முடிந்திருந்தது. பொய்யாக நாவ்ரெஸின் மேல் கை காட்டியதைக்கூட, பயம் என்று சொல்லித் தாண்டியிருப்பாள். ஆனால் புகாரைத் தட்டி முடித்த அதே கையால் நக்லா ஒவ்வொரு நாளும் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு மாதமாக அவள் தூக்கமில்லாமல் வந்து உட்காரும்போதெல்லாம், எதிரே இருந்து, யார் செய்திருப்பார்கள் என்று அவளோடு சேர்ந்து யோசித்திருக்கிறாள்.

அவள் கைபேசியை எடுத்து அறநெறிக் குழுத் தலைவரின் எண்ணை அழுத்தினாள்.

"துர்சாஃப்," என்றாள் நக்லா. "துர்சாஃப், வேண்டாம்."

"ஸீ துஹாமி? வீட்டுக்குப் போன நேரத்துல தொந்தரவு குடுக்கறேன், மன்னிக்கணும். போலி மேற்கோளை வாங்கினது யாருன்னு தெரிஞ்சுடுச்சு. உங்களுக்குப் புகார் எழுதினதும் அதே ஆள்தான். ஆதாரத்தோட காலையில வர்றேன். இல்ல, பேரை இப்பவே எழுதிக்கோங்க. பேனா இருக்கா?"

அந்தப் பக்கம் இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"நக்லா ஸப்ரி ஷுக்ரி மன்ஸூர். அவ பேரோட நாலு பகுதியையும் முழுசா எழுதணும். எதையும் சுருக்காதீங்க."

பெரியவர் ஒவ்வொரு பெயராகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவது அறை முழுக்கக் கேட்டது. நக்லா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டாள்.

"எழுதிட்டேன், பேராசிரியை. கூட வேற யாராவது சேர்ந்திருக்காங்களா? உங்க ஆளுங்க, மாணவர்கள் யாராவது?"

"இல்ல ஸீ துஹாமி," என்றாள் துர்சாஃப். "வேற யாரும் இல்ல. இதுக்கு அவ மட்டும்தான் ஆசிரியர்."